எத்தனை இலை விழுந்தது?

நோய்க் கணக்கு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பதில் எழுதும் நான் டாக்டர் இல்லை. 1984-ல் ஒரு தொழுநோய்க் கணக்கெடுப்புக் குழுவில் புள்ளிவிவர உதவியாளராகச் சேர்ந்தேன். அப்புறம் காசநோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று 31 வருடம் ஊர் ஊராகப் போய் எண்ணியதுதான் என் வேலை. அதனால் மருந்து, மாத்திரை பற்றி எழுதியவர்கள் உங்கள் டாக்டரையே கேளுங்கள். எண்களைப் பற்றி எழுதியவர்களுக்கு இங்கே என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

"தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று பல வருடம் முன்பே பேப்பரில் படித்தேன். போன மாதம் எங்கள் பள்ளிக்கு சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, பிள்ளைகளின் கை, முதுகில் தேமல் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒழிந்துபோன நோயை ஏன் தேடுகிறார்கள்?" (ஓர் ஆசிரியை, தேனி)

டீச்சர், உங்கள் கேள்விக்குத்தான் பாதிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நான் அதிக நாள் மனசில் சுமந்த கேள்வியும் இதுதான்.

நீங்கள் படித்த செய்தி தப்பில்லை. ஆனால் அதில் ஒரு சொல் பாதியாக வந்து சேர்ந்தது. 1991-ல் உலக சுகாதார சபை ஒரு தீர்மானம் போட்டது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாக வந்துவிட்டால், தொழுநோய் 'பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து' நீங்கியதாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். இந்தியா அந்த இடத்தை 2005 டிசம்பரில் எட்டியது. 10,000-க்கு 0.95. 1983-ல் இது 57.8 ஆக இருந்தது. அந்த நீளமான வாக்கியத்தை வைத்துத் தலைப்புப் போட முடியுமா? 'தொழுநோய் ஒழிந்தது' என்று போட்டார்கள். மக்களும் நம்பினார்கள். நம்பியதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

57.8 என்பது 0.95 ஆனது வெறும் காகித வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் டாப்சோன் மாத்திரையை வருடக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க, விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. காலண்டர் மாதிரி அட்டையில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும். அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் உண்மையிலேயே குணமானது. அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவதும் நின்றது. இது என் கண் முன்னால் நடந்தது.

ஆனால் அந்த 0.95 எதை எண்ணியது என்று பார்க்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளரின் அப்பா கல்யாண சமையல்காரர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் இதைப் பந்தியை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பார். மண்டபத்தில் நுழைந்து, இப்போது பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் அது ஒரு கணக்கு. காலையிலிருந்து எத்தனை இலை விழுந்தது என்று கேட்டால் அது வேறு கணக்கு. மணிக்கு 200 பேர் சாப்பிட வருகிறார்கள், ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் பந்தியில் 100 பேர் இருப்பார்கள். அதே கூட்டம் கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்தால் 50 பேர்தான் தெரிவார்கள். ஆனால் மூன்று மணி நேரத்தில் விழுந்த இலை இரண்டு முறையும் 600தான். சமையல்காரர் வடித்த சோறும் ஒன்றுதான்.

பந்தியில் இருப்பவர்களின் கணக்குக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பி.ஆர்.' மார்ச் 31 அன்று பதிவேட்டில் யார் யார் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ அவர்களை எண்ணி, மக்கள் தொகையால் வகுப்போம். இலைக் கணக்குக்கு 'என்.சி.டி.ஆர்.' என்று பெயர். அந்த வருடம் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை என்பது அது. உலகமே இலக்காக வைத்துக்கொண்டது முதல் கணக்கை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். கிருமி அதிகம் உள்ள வகை நோயாளிகளுக்குக் கூட்டு மருந்து முதலில் 24 மாதம் என்று இருந்தது. 1990-களின் கடைசியில் அதை 12 மாதமாக ஆக்கினார்கள். மருத்துவ ரீதியாக அது சரியான முடிவு. நோயாளிக்கும் நிம்மதி. ஆனால் புதிதாக வருபவர்களில் ஒருவர்கூடக் குறையாவிட்டாலும், அந்த வகையில் பதிவேட்டில் இருப்பவர்கள் பாதியாகிவிடுவார்கள். அதே காலத்தில், ஒரே ஒரு தேமல் மட்டும் இருந்தவர்களுக்கு ஒரே வேளை மருந்து கொடுத்து அனுப்பும் முறையும் சில வருடம் இருந்தது. நின்றபடி ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டுப் போனவரைப் பந்திக் கணக்கில் எப்படிப் பிடிப்பீர்கள்? மார்ச் 31-க்கு அவர் பெயர் பதிவேட்டில் இருக்காது. இதோடு, வீடு வீடாகப் போய்த் தேடும் வேலையும் குறைந்தது. தொழுநோய்க்கென்று தனியாக இருந்த ஆட்களின் பொறுப்பை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மற்ற வேலைகளோடு சேர்த்தார்கள்.

ஆக, 57.8 குறைந்து 0.95 ஆனதில் உண்மையான குணமும் இருக்கிறது, சீக்கிரம் எழுந்துபோன பந்தியும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இலைக் கணக்கைப் பார்க்க வேண்டும். 'ஒழிந்த' பிறகும், பத்து வருடத்துக்கு மேலாக, வருடா வருடம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2016-ல் மறுபடி வீடு வீடாகத் தேடும் முகாம்களைத் தொடங்கினார்கள். உங்கள் பள்ளிக்கு ஆட்கள் வந்ததும் அந்த வழியில்தான்.

பிள்ளைகளை ஏன் பார்க்கிறார்கள்? தொழுநோய்க் கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிவதற்கு சராசரியாக ஐந்து வருடம் ஆகும். 20 வருடம்கூட ஆகலாம். அறுபது வயதுக்காரருக்கு இன்று தேமல் வந்தால் தொற்று எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்தால், அந்த எட்டு வருடத்துக்குள், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில், மருந்து சாப்பிடாத ஒருவர் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அவரைத் தேடிப் போகலாம். புதிய நோயாளிகளில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுவது அதற்காகத்தான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், டீச்சர். வெளிறியோ சிவந்தோ இருக்கும் தேமலைத் தொட்டால் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், அது அரிக்கவில்லை வலிக்கவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். மருந்து இலவசம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லவேண்டாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் வராதவர்கள். மருந்து முடிந்தவரின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் 'ஆர்.எஃப்.டி.' என்று எழுதுவோம். சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதன் சுருக்கம். 1990-களில் ஒரு மத்தியானம், அப்படிக் கோடு போட்ட ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேறு ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே உலை கொதித்தது. பேசிக்கொண்டே எழுந்து போய், துணி எதுவும் பிடிக்காமல், வெறும் கையால் பானையின் கழுத்தைப் பிடித்து இறக்கி வைத்தார். நான் அலறிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். உள்ளங்கை கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

கிருமி செத்துவிட்டது. அது கெடுத்த நரம்பு திரும்பி வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்லை. கைப்பிடி வைத்த பாத்திரம், காலில் புண் வராமல் இருக்க எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கச் சொல்லித்தர ஓர் ஆள். ஆனால் என் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அந்த வருடம் எங்கள் ஒன்றியத்தின் எண் அழகாக இருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு கண்டுபிடிக்கப்படுபவர்களை இப்போது தனி வீதமாக எண்ணுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதுவும் கண்டுபிடித்த நாளன்று இருந்த நிலையைத்தான் சொல்கிறது. குணமான பிறகு, பத்து வருடம் கழித்து, பானையை வெறும் கையால் இறக்கும் அம்மாவை அது எண்ணுவதில்லை.

"லட்சத்துக்கு இத்தனை என்கிறார்கள், பத்தாயிரத்துக்கு இத்தனை என்கிறார்கள். எல்லாவற்றையும் நூற்றுக்கு என்று சொன்னால் என்ன?" (ஒரு வியாபாரி, சிவகாசி)

சொல்லலாம். தொழுநோய் 0.0095 சதவீதம் என்று சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்டு யார் மனசில் என்ன பதியும்? ஒரு நோயாளியாவது முழு ஆளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அடியில் வரும் எண்ணைப் பெரிதாக்குகிறார்கள். அடி எண் எது என்று பார்க்காமல் இரண்டு செய்திகளை ஒப்பிட வேண்டாம். அவ்வளவுதான்.

"எங்கள் தெருவில் பத்து வருடத்தில் நாலு பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. அதில் என் கணவரும் ஒருவர். ஏறக்குறைய 60 வீடுகள் உள்ள தெரு. செல்போன் டவர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப்படி இது சாதாரணமா?" (ஒரு வாசகி, திருச்சி)

அம்மா, உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த மற்ற வரிகளையும் படித்தேன். அவற்றை இங்கே போடவில்லை. கணக்கை மட்டும், உங்களோடு உட்கார்ந்து போடுகிற மாதிரி போடுகிறேன்.

60 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் சுமார் 240. 250 என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம். ஒரு ஆள் ஒரு வருடம் வாழ்வதை ஓர் அலகாக வைத்தால், உங்கள் தெரு 2,500 ஆள்-வருடம் வாழ்ந்திருக்கிறது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டில், 2022-ல் இந்தியாவில் லட்சம் பேருக்குச் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. அந்த வீதத்தை உங்கள் 2,500-க்குப் பொருத்தினால் இரண்டரை பேர் வருகிறார்கள். சராசரி இரண்டரை என்றால் எல்லாத் தெருவிலும் இரண்டரை என்று ஆகாது. சில தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார், சிலவற்றில் ஐந்து பேர் இருப்பார்கள். தற்செயலாகவே நாலு பேரோ அதற்கு மேலோ வருவது, இப்படிப்பட்ட நாலு தெருக்களில் ஒரு தெருவில் நடக்கும். உங்கள் தெருவில் வயதானவர்கள் அதிகம் என்றால் எதிர்பார்க்கும் எண் இன்னும் கூடும். புற்றுநோய் பெரும்பாலும் வயதோடு ஏறுகிற நோய்.

அதனால்தான் இரண்டு ஊரை ஒப்பிடும்போது வயதைச் சமன் செய்துதான் ஒப்பிடுவார்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி வயதுக்காரர்கள் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று போடுகிற கணக்கு அது. அப்படிச் சமன் செய்த பிறகும் இந்தியாவுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2020-ல் வந்த அறிக்கையில், ஆண்களில் மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில் லட்சத்துக்கு 269. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 40-க்கும் கொஞ்சம் குறைவு. இது வயதால் வந்த வித்தியாசம் இல்லை. அங்கே காரணம் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

தெருவில் நாலு பேருக்கு வந்த பிறகு அந்தத் தெருவைச் சுற்றி எல்லை போட்டு எண்ணுவது, கோலத்தைப் போட்டுவிட்டு அப்புறம் புள்ளி வைப்பது மாதிரி. புள்ளி எல்லாம் கச்சிதமாகத்தான் பொருந்தும். அதற்காக உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, நாலு பேருக்கும் என்ன புற்றுநோய், எந்த வயதில், எந்த வருடம், எத்தனை வருடமாக அந்தத் தெருவில் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், புகையிலை உண்டா என்று எழுதுங்கள். நாலும் நாலு வகை என்றால் ஒரே காரணம் இருக்க வாய்ப்புக் குறைவு. நாலும் ஒரே அபூர்வ வகை, எல்லோரும் இளவயது, அல்லது எல்லோரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் என்றால், அந்தத் தாளோடு மாவட்ட சுகாதார அலுவலரைப் போய்ப் பாருங்கள். வெறுமனே 'நாலு பேர்' என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள்.

1981-லிருந்து சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்தில் ஒரு பதிவேடு நடக்கிறது. அதன் ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், இறப்புப் பதிவேடுகளையும் புரட்டி, ஒருவரையே இரண்டு முறை எண்ணிவிடாமல் பெயர், வயது, முகவரி ஒத்துப்பார்த்து எழுதுகிறார்கள். ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று விதமாகப் பெயர் கொடுத்திருப்பார். அந்தப் பொறுமையான வேலை இல்லாவிட்டால், உங்களுக்கு நான் மேலே போட்டுக்காட்டிய கணக்கைப் போடவே முடியாது.

"எங்கள் மாவட்டத்தில் காசநோயாளிகள் எண்ணிக்கை பக்கத்து மாவட்டத்தைவிட அதிகம் என்று செய்தி வந்தது. மகள் பிரசவத்துக்கு வர இருக்கிறாள். பயமாக இருக்கிறது." (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், சேலம்)

ஐயா, தாராளமாக வரச்சொல்லுங்கள். அந்தச் செய்தியில் இருப்பது எத்தனை பேருக்குக் காசநோய் இருக்கிறது என்பது இல்லை. எத்தனை பேரைக் கண்டுபிடித்து அரசிடம் பதிந்தார்கள் என்பதுதான். 2012-லிருந்து தனியார் டாக்டர்களும் பதிய வேண்டும் என்று விதி. நன்றாகத் தேடும் மாவட்டத்தில் எண் கூடும். தேடாத மாவட்டத்தில் எண் குறையும், நோய் அப்படியே இருக்கும்.

உண்மையில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், ஊர்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரி எடுத்து, இருமலோ இல்லையோ எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது அந்த எண்ணால் இல்லை. அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த டாக்டரிடமும் போயிருக்கவில்லை. இன்னொன்று, மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 43 பேரைத் தவறவிட்டிருப்பார்கள். "இருமல் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே நான் எத்தனை வருடம் எண்ணியிருக்கிறேன்! 'இல்லை' என்றவர்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

உங்கள் மாவட்டத்தில் எண் கூடியிருந்தால், அதே செய்தியில் பரிசோதனை எத்தனை நடந்தது என்று பாருங்கள். பரிசோதனையும் கூடியிருந்தால் அது நல்ல செய்தி. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மட்டும், மகள் வருவதற்கு முன்பே சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

"தாத்தா காலத்தில் சர்க்கரை நோய் யாருக்கும் இல்லை. இப்போது வீட்டுக்கு ஒருவர். இவ்வளவு மருத்துவம் வளர்ந்தும் நோய் கூடுகிறதே?" (ஒரு விவசாயி, மன்னார்குடி)

கூடியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சென்னையில் 1989-ல் பெரியவர்களில் நூற்றுக்கு 8.3 பேருக்கு இருந்தது, 2004-ல் 14.3. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்து 2023-ல் வெளியான ஆய்வில் தமிழ்நாட்டுக்கு 14.4, கோவாவுக்கு 26.4.

ஆனால் இதுவும் பந்திக் கணக்கு. சர்க்கரை நோயில் பந்தியை விட்டு யாரும் எழுந்து போவதில்லை, சாகும்வரை அங்கேதான் இருப்பார்கள். இன்சுலின் கண்டுபிடித்தது 1921-ல். அதற்கு முன்னால், சிறுவயதில் சர்க்கரை வந்த பிள்ளைகள் சீக்கிரமே இறந்துபோனார்கள். இன்றைக்கு அதே பிள்ளை வளர்ந்து, கல்யாணம் செய்து, பேரன் எடுத்து, அத்தனை வருடமும் கணக்கில் இருக்கிறார். நல்ல மருந்து வந்தால் பந்தியில் இருப்பவர்கள் கூடுவார்கள், குறையமாட்டார்கள். நம் நாட்டில் ஆட்களும் முன்பைவிட அதிக வயது வாழ்கிறார்கள். இன்னொன்று, உங்கள் தாத்தா காலத்தில் யார் ரத்தத்தைப் பார்த்தார்கள்? 'ஆறாத புண்ணால் போனார்', 'உடம்பு இளைச்சுப் போனார்' என்று சொல்லியிருப்பார்கள்.

இத்தனையையும் கழித்துவிட்டாலும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் நாம் சாப்பிடுவதாலும், உழைப்புக் குறைந்ததாலும் வந்தது. அதைக் கண்டுபிடிக்க, இன்று சர்க்கரை இல்லாத ஆட்களைப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, வருடா வருடம் போய்ப் பார்த்து, யாருக்குப் புதிதாக வந்தது என்று எண்ண வேண்டும். பத்து வருடம் ஆகும் வேலை. பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள். அதனால்தான் செய்தியில் எப்போதும் பந்திக் கணக்கே வருகிறது.

"கொரோனாவில் முதலில் நூற்றுக்கு மூன்று பேர் சாவார்கள் என்றார்கள். பிறகு அவ்வளவு இல்லை என்றார்கள். எது பொய்?" (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

இரண்டும் பொய் இல்லை தம்பி, அடி எண் மாறியது. முதலில், பரிசோதனையில் உறுதியானவர்களால் வகுத்தார்கள். 2020 மே, ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) ரத்தத்தில் தொற்று வந்துபோன அடையாளம் இருக்கிறதா என்று நடத்திய கணக்கெடுப்பில், உறுதியான ஒரு நோயாளிக்குப் பின்னால் தொற்று வந்தும் தெரியாமலே போனவர்கள் 80-க்கும் அதிகம் என்று தெரிந்தது. அவர்களையும் அடியில் சேர்த்தால் வீதம் சரிந்துவிடும். அதே சமயம், மேலே இருக்கும் சாவு எண்ணிலும் விடுபட்டவர்கள் உண்டு. யாராவது 'இறப்பு வீதம்' என்று சொன்னால், யாரில் இறந்தவர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

"மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிறேன். பகலில் போனால் ஆண்கள் இருப்பதில்லை. அந்த வீடுகளை என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் எழுதும் எண்ணை யாராவது பார்க்கிறார்களா?" (ஒரு சகோதரி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பார்க்கிறார்கள், சகோதரி. நான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் யாரோ ஒருவர் உங்களைப் போலக் கதவைத் தட்டி எழுதியவை. அதனால் என் தவறு ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு கிராமத்தில் தொழுநோய்க் கணக்கெடுப்பு. பட்டியலில் இருந்த வாலிபர்களில் நிறையப் பேர் ஊரில் இல்லை. செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தார்கள். மாதக் கடைசி. அன்றைக்கு எனக்கு மேலே இருந்தவர், "இல்லாதவங்களை நார்மல்னு போட்டு முடிச்சுடு, எண்பது சதவீதம் பார்த்தாச்சுன்னு காட்டணும்" என்றார். போட்டேன். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும், நார்மல் என்பதற்கு 'என்' என்று ஓர் ஆங்கில எழுத்து. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வருடம் ஒரு முகாமில் ஒரு பையன் வந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும். வலது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கிவிட்டது. ஊர் பெயரைக் கேட்டு பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அவன் பெயர் இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் 'என்'. அந்தக் கணக்கெடுப்பில் அந்த ஊரின் வீதம் குறைவாக வந்ததால், மறுபடி தேடப்போகும் ஊர்களின் பட்டியலிலும் அந்த ஊரைச் சேர்க்கவில்லை. விரல் மடங்குவதற்கு முன்பே அவனைப் பார்த்திருக்கலாம். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மருந்து அட்டையைக் கொடுத்து, எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொன்னேன்.

அதனால் 'நோய் இல்லை' என்பதையும் 'பார்க்கவில்லை' என்பதையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். படிவத்தில் இடம் இல்லையென்றால் உங்கள் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் எத்தனை, பார்க்க முடியாதவர்கள் எத்தனை, அவர்களில் ஆண்கள் எத்தனை, என்ன வேலைக்குப் போனார்கள். வீடு பூட்டியிருப்பது வேறு, ஆள் வேலைக்குப் போயிருப்பது வேறு, ஆள் இருந்தும் வேண்டாம் என்பது வேறு. உங்கள் தெருவில் 'பிரஷர்காரர்கள் கூடிவிட்டார்கள்' என்று யாராவது கேட்டால், போன வருடம் எத்தனை பேரைப் பார்த்தேன், இந்த வருடம் எத்தனை பேரைப் பார்த்தேன் என்று அந்த நோட்டைத் திறந்து காட்டலாம்.

நாங்கள் பிறகு என்ன செய்தோம் என்றும் சொல்கிறேன். சூளைக்காரர்கள் மழைக்காலத்தில் ஊர் திரும்புவார்கள். அந்த முகாமுக்கு அப்புறம் ஐப்பசியில் அதே ஊருக்கு மறுபடி போனோம். விடிந்ததும் போய்விடுவோம், அவர்கள் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் நேரம். உங்கள் பக்கம் ஆண்கள் வெளியூர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு தெருவை மட்டும் முதலில் முடித்துவிட்டு, எத்தனை பேர் புதிதாகக் கிடைத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.